தூக்குவாளியின் காதில் ஒரு நம்பர்

போன வாரம் கடையிலிருந்து போன் வந்தது. இப்போது கடையைப் பார்த்துக்கொள்வது எங்கள் முதலாளியின் மகள் மல்லிகா. புதிதாக ஒரு லேசர் மெஷின் இறக்கியிருக்கிறார்களாம், பழையதைவிட வேகமாம். வாசலில் 'எழுத்து வாழ்நாளுக்கும் அழியாது' என்று போர்டு வைக்கலாம் என்று இருக்கிறாள். என்னிடம் யோசனை கேட்டாள்.

"உங்க அப்பா என்ன சொல்றாக?" என்றேன்.

"அப்பா ஒண்ணும் சொல்லலக்கா. சிரிக்கிறாக."

எனக்கு அந்தச் சிரிப்பு நன்றாகத் தெரியும். தேனியில் அந்தக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குக் கல்யாணமாகவில்லை. கண்ணில் புரை வந்து வேலையை விட்டபோது என் மகளுக்கே கல்யாண வயசு. இடையில் இருந்த காலம் முழுக்க, கேட்பவர்களின் பெயரை அவர்கள் கேட்ட பொருளில் எழுதிக் கொடுத்ததுதான் என் பிழைப்பு. மல்லிகாவுக்குப் போனில் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் வேலை கற்றுக்கொண்ட கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் ரப்பர் ஸ்டாம்ப்புக்கு எழுத்துக் கோர்த்தேன். எல்லாவற்றையும் தலைகீழாகப் படித்துப் படித்து, பஸ் போர்டைக்கூட வலமிருந்து இடமாகப் படிக்கும் பழக்கம் வந்துவிட்டது. அப்புறம் பாத்திரத்தில் பேர் வெட்டும் கை மெஷின். அது போடும் அதிர்வில் ராத்திரி சோறு பிசையும்போதும் விரல் நடுங்கும். பிறகு கண்ணாடிக் குழாய் வைத்த லேசர் வந்தது. மரம், தோல், அக்ரிலிக், கல் எல்லாவற்றிலும் அது நன்றாக எழுதும். ஆனால் வெறும் எவர்சில்வரைக் காட்டினால் ஒரு கீறல்கூட விழாது. உலோகத்தில் எழுத பைபர் லேசர் என்று தனி மெஷின் வேண்டும். அது வந்த அன்றைக்கு முதலாளி கடையில் எல்லோருக்கும் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார்.

முதலாளி பெயர் சுருளிவேல். நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இது அழியாதுல்ல?" அண்ணன் அதற்கு ஒருநாளும் நேராகப் பதில் சொன்னதில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லுவார். பிறகு மெதுவாகக் கேட்பார்.

"இத யாரு தொடைப்பாக? எத வச்சுத் தொடைப்பாக?"

வந்தவர்களுக்குக் கோபம்கூட வரும். எழுத்து எப்படி இருக்க வேண்டும், விலை எவ்வளவு என்று பேச வந்தவரிடம் வீட்டில் பாத்திரம் தேய்ப்பது யார் என்று கேட்டால்? ஆனால் அண்ணன் விடமாட்டார். பொருள் வெயிலில் இருக்குமா, நிழலிலா? எண்ணெய் படுமா? புளி போட்டு விளக்குவீர்களா? எல்லாம் கேட்டுவிட்டுத்தான் மெஷின் பக்கம் திரும்புவார். எழுதி முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு எழுத்தின் மேல் கட்டைவிரல் நகத்தை ஓட்டுவார். நகம் இடறினால் ஆழம் இருக்கிறது என்று அர்த்தம். வழுக்கிக்கொண்டு போனால், "இது பாக்குறதுக்குத்தான், பொழங்குறதுக்கு இல்ல" என்பார்.

அவர் ஏன் அப்படிக் கேட்கிறார் என்பது எனக்கு ஒவ்வொரு பொருளாகத்தான் புரிந்தது. ஒரு கோயிலுக்கு உபயமாகக் கொடுத்த பித்தளை விளக்கில் ஒருவர் அழகான மெல்லிய எழுத்து கேட்டார். வெள்ளிக்கிழமைதோறும் புளியும் மணலும் போட்டு விளக்குகிற விளக்கு. அண்ணன் சொல்லிப் பார்த்தார், அவர் கேட்கவில்லை. அடுத்த திருவிழாவுக்குள் உபயதாரர் பேரில் பாதி போய்விட்டது. கம்பத்தில் ஒரு திராட்சைத் தோட்டத்துக்குத் தேக்குப் பலகையில் பேர் எழுதிக் கொடுத்தோம். எழுத்து ஆழமாகத்தான் இருந்தது, கறுப்பாகத்தான் இருந்தது. இரண்டு மழைக்காலம் போனபின் பலகையும் சாம்பல் நிறம், எழுத்தும் சாம்பல் நிறம். விரலால் தடவினால் பேர் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. கொரோனா சமயத்தில் ஒரு டாக்டரம்மா மேஜையில் வைத்திருந்த அக்ரிலிக் பேர்ப்பலகையை எடுத்துக்கொண்டு வந்தார்கள். சானிடைசர் போட்டுத் துடைத்துத் துடைத்து, லேசர் பட்ட இடமெல்லாம் சிலந்திவலை மாதிரி விரிசல் விட்டிருந்தது. அக்ரிலிக்குக்கு வெயிலும் ஒன்றும் செய்யாது, தண்ணீரும் ஒன்றும் செய்யாது. சானிடைசரில் இருக்கிற ஸ்பிரிட்டுதான் ஆகாது.

எனக்கு மறக்காதது அந்தக் கல்லறைக் கல். எங்கள் ஊர்ப் பக்கம் மாதா கோயில் கல்லறையில், ஒரு டீச்சர் தன் அம்மாவுக்குக் கறுப்பு கிரானைட்டில் முகம் வரைந்து வைத்திருந்தார்கள். நான்தான் அந்த முகத்தை மெஷினில் ஓட்டினேன். பளபளப்பான கறுப்புக் கல்லில் லேசர் பட்ட இடம் நுணுங்கி வெள்ளையாகும். அந்த வெள்ளைப் புள்ளிகள் சேர்ந்துதான் முகம். அதற்கு மை கிடையாது, அழியவும் வழியில்லை. ஆனால் கல்லறைத் திருநாள் முடிந்த மறுநாள் டீச்சர் அழுதுகொண்டே கடைக்கு வந்துவிட்டார்கள்.

"ஆரோக்கியம், எங்கம்மா மூஞ்சியக் காணோம்."

நான் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். மெழுகுவர்த்தி உருகி, அதன்மேல் எண்ணெயும் வழிந்து, அந்த வெள்ளைப் புள்ளிகளை எல்லாம் நனைத்திருந்தது. ஈரம் பட்டால் நுணுங்கிய கல் மறுபடி கறுப்பாகத்தான் தெரியும். பக்கத்து வீட்டில் சுடுதண்ணீர் வாங்கி, சோப்புப் போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தேன். காய்ந்து வர வர முதலில் நெற்றி வந்தது, அப்புறம் கண் வந்தது. டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். வெகுநேரம் விடவில்லை.

இனிமேல் சொல்லப்போவதுதான் நான் சொல்ல வந்தது.

ஒருநாள் காலையில் கோம்பையிலிருந்து ஒரு அம்மாள் வந்தார்கள். பேச்சியம்மாள் என்று பேர். மஞ்சள் பூசிக் கழுவிய முகம், கையில் ஒரு துணிப்பை. வீட்டுக்காரர் மாயாண்டி. வாழ்நாள் பூராவும் மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவர். எங்கள் பக்கத்தில் விடியும் முன்பே ஜீப்புகள் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறும், சாயங்காலம் கொண்டுவந்து இறக்கும். அவருக்கு வயசாகி வேலை நின்று, கொஞ்ச நாளில் ஞாபகமும் நழுவ ஆரம்பித்திருக்கிறது. மற்றதெல்லாம் மறந்தாலும் ஜீப்புக்குப் போவது மட்டும் மறக்கவில்லை. விடியக் கருக்கலில் எழுந்து, சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

"ரெண்டு தடவ முக்குலயே புடிச்சுட்டோம். ஒரு தடவ தேவாரம் வரைக்கும் போயிட்டாக. மலைக்குப் போயிட்டாகன்னா நான் எங்கன போயித் தேடுவேன், தாயி? அங்கன யானை வேற நடமாடுது."

முதலில் அவர் பேரும் அந்த அம்மாளின் போன் நம்பரும் எழுதி ஒரு அலுமினியத் தகடு போட்டுக் கொடுத்தோம், கழுத்தில் மாட்டிக்கொள்ள. 'நான் என்ன நாயா?' என்று கேட்டுக் கழற்றி எறிந்துவிட்டாராம். கோம்பை வேட்டை நாய்க்குப் பேர்போன ஊர். அங்கே நாய்க்குப் பட்டை கட்டாத வீடு எது? அவருக்கு அப்படித்தானே தோன்றும். அடுத்து எவர்சில்வர் காப்பு. அதையும் சோப்புப் போட்டுக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டார். சட்டைக் காலரில் தோல் துண்டில் நம்பர் எழுதித் தைத்தோம். துவைத்ததும் தோல் சுருங்கி, எழுத்து ஊறி, படிக்க முடியாமல் போனது.

நான்காம் முறை வந்தபோது பேச்சியம்மாள் துணிப்பையிலிருந்து ஒரு தூக்குவாளியை எடுத்து மேஜையில் வைத்தார்கள். பழைய எவர்சில்வர், அங்கங்கே நெளிசல். ஆனால் அப்படி ஒரு பளபளப்பை நான் எந்தப் பாத்திரத்திலும் பார்த்ததில்லை. என் முகம் அதில் தெரிந்தது.

"எதைக் கழட்டிப் போட்டாலும் இத மட்டும் விடமாட்டாக. வெறும் வாளியத் தூக்கிக்கிட்டாவது போவாக. இதுல எழுத முடியுமா?"

அண்ணன் வாளியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"இத எத வச்சு வெளக்குறீக?"

"சாம்பலும் தேங்கா நாரும்தான். அப்பப்ப கம்பி நாரு."

"தெனமுமா?"

"ஜீப்புல பத்து ஆளு வாளி ஒண்ணா இருக்கும். எங்க வாளி மட்டும் மங்கலா இருந்தா நாலு பொம்பளைக என்ன நெனைப்பாக? கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து வெளக்குறேன்."

அண்ணன் வாளியை அங்கேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார். அவர்கள் மறுத்துவிட்டார்கள். வாளியைக் காணவில்லை என்றால் அவர் வீட்டை இரண்டாக்கிவிடுவாராம். தூங்கும் மத்தியான நேரத்தில் எடுத்துக்கொண்டு வருகிறேன், அதற்குள் முடித்துக்கொடுங்கள் என்றார்கள்.

கஷ்டம் என்னவென்று சொல்கிறேன். எவர்சில்வரில் லேசரால் இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று, உலோகத்தைச் சுரண்டாமல் சூடு மட்டும் காட்டுவது. பைக் சைலன்சர் சூட்டில் நிறம் மாறுகிறதே, அதே மாதிரி மேல்தோல் கறுத்து எழுத்து வரும். பார்க்க மிக நன்றாக இருக்கும், தூரத்திலிருந்தே படிக்கலாம். கைபட்டாலும் சோப்புப் பட்டாலும் போகாது. கம்பி நார் போட்டு அழுத்தித் தேய்த்தால் நாளடைவில் போய்விடும். இன்னொன்று, திரும்பத் திரும்ப ஓட்டி ஆழமாக வெட்டுவது. அது தேய்ப்பைத் தாங்கும். ஆனால் தூக்குவாளியின் தகடு மெல்லிசு, அதிலும் வருஷக்கணக்காகத் தேய்ந்த தகடு. ஆழம் போனால் ஓட்டை விழும். இன்னொரு தொல்லையும் உண்டு. எவர்சில்வரைத் துருப்பிடிக்காமல் காப்பது அதன் மேல்தோல்தான். ஆழமாக வெட்டினால் அந்தத் தோல் போய், ஈரம் நின்ற இடத்தில் பழுப்பு ஏறும்.

அண்ணன் பழைய பாத்திரக் கடையிலிருந்து அதே மாதிரி ஒரு ஒடுங்கிய வாளியை வாங்கிக்கொண்டு வந்தார். அதில் நான் நாலைந்து விதமாக எழுதிப் பார்த்தேன். எழுதிய வாளியை எதிர் டீக்கடையில் கொடுத்து, உங்கள் பாத்திரத்தோடு இதையும் தினமும் தேய்க்க வேண்டும் என்று சொல்லிவைத்தார். டீக்கடைக்காரர் முதலில் சிரித்தார், பிறகு அதிலேயே சர்க்கரை போட்டு வைத்துக்கொண்டார். வாரம் ஒருமுறை நான் போய்ப் பார்ப்பேன். வயிற்றுப் பகுதியில் கறுப்பாக எழுதியது வெளிறிக்கொண்டே வந்தது. அடிப்பாகத்தில் எழுதியது தரையில் இழுபட்டுப் போனது. மூடியில் எழுதிப் பிரயோசனமில்லை, மூடி தொலைந்தால் எல்லாம் போயிற்று.

கடைசியில் அண்ணன் விரல் வாளியின் காதில் போய் நின்றது. கைப்பிடிக் கம்பியை மாட்ட இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் தடித்த தகடு. அதைத்தான் காது என்போம். தகடு கனம், கம்பி மறைப்பதால் நாரும் முழுசாகப் படாது. ஆனால் இடம் குறைவு. பத்து எண்ணும் கடுகு கடுகாகத்தான் வரும்.

"ஏத்தா, எட்டு தேஞ்சா என்னவாகும்?" என்றார்.

"மூணாகும்ண்ணே."

"ஆறு?"

"பூஜ்யமாத் தெரியும்."

"அப்ப அப்படித் தெரியாதபடி எழுதிக் குடு."

கம்ப்யூட்டரில் இருந்த எந்த எழுத்தும் சரிப்படவில்லை. அந்தப் பத்து எண்ணையும் நானே வரைந்தேன். எட்டின் மேல்வட்டத்தைச் சின்னதாக்கி, மூன்றின் தலையைத் தட்டையாக்கி, ஆறின் வாலை நீளமாக இழுத்துவிட்டேன். அழகு என்று சொல்ல முடியாது. பாதி தேய்ந்தாலும் ஒன்றை இன்னொன்றாகப் படிக்க முடியாது.

பேச்சியம்மாள் மத்தியானத்தில் வாளியோடு வந்தார்கள். உள்ளே பழந்துணியைத் திணித்து, அசையாமல் இறுக்கி வைத்து, ஒரு காதில் நம்பரை ஆழமாக வெட்டினேன். வெட்டிய இடத்தை அண்ணன் எலுமிச்சை உப்பு கரைத்த சுடுதண்ணீரில் ஊறவைத்துக் கழுவினார். அப்படிச் செய்தால் போன மேல்தோல் திரும்பப் படியும். வயிற்றில் பெரிய கறுப்பு எழுத்தில் 'கோ. மாயாண்டி, கோம்பை' என்றும், கீழே அதையே மலையாளத்திலும், அதற்கும் கீழே நம்பரையும் போட்டோம். ஞாபக மறதி, தொலைந்தவர் என்று எதுவும் எழுதவில்லை. அவருக்குப் படிக்கத் தெரியும்.

"பேரு இருந்தா ஒண்ணும் நெனைக்க மாட்டாக. எல்லா ஏனத்துலயும்தான் பேரு வெட்டியிருக்கு" என்றார்கள் பேச்சியம்மாள்.

அண்ணன் வாளியைக் கொடுக்கும்போது சொன்னார்: "இனிமே கம்பி நாரு வேணாம். பளபளப்புக் கொஞ்சம் கொறைஞ்சாலும் பரவாயில்ல."

அந்த அம்மாள் தலையாட்டினார்கள். ஆனால் முகம் சுண்டிப்போனதை நான் பார்த்தேன்.

அடுத்த ஆடி மழையில் பேச்சியம்மாள் கடைக்கு ஓடிவந்தார்கள். தலை கலைந்து, சேலை நனைந்து. முந்தின நாள் விடியலில் போனவர் திரும்பவில்லை. வெளியூர் ஆட்களை ஏற்றிய ஜீப் ஒன்றில் ஏறிவிட்டார் என்று முக்கில் பூக்கட்டும் பெண் சொல்லியிருக்கிறாள். டிரைவரைத் தேடிப்பிடித்துக் கேட்டால், மலையில் ஏதோ ஒரு முக்கில் நாலைந்து பேரோடு இறங்கினார், அவர்கள் கூட்டத்து ஆள் என்று நினைத்தேன் என்கிறார். உறவுக்காரர்கள் போடியிலிருந்து குமுளிவரை அலைகிறார்கள். போலீசிலும் சொல்லியாகிவிட்டது.

"அந்த நம்பரு இன்னும் இருக்குமா?" என்று கேட்டார்கள். எத்தனையோ பேர் கேட்ட கேள்விதான். இப்படி யாரும் கேட்டதில்லை.

நான் அவர்கள் தோளில் கை வைத்து, இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர்கள் என் கையைத் தட்டிவிட்டார்கள்.

"வயித்துல எழுதுனது போயிருச்சு, தாயி. திருவிழாவுக்கு எல்லா ஏனத்தையும் வெளக்குனேன். இத மட்டும் அழுக்கா வைக்க மனசு வரல. கம்பி நாரு போட்டுட்டேன். நானேதான் அழிச்சுட்டேன்."

தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்து வந்து அவர்கள் எதிரில் குந்தினார்.

"அம்மா, காதுல வெட்டுனது இருக்கும்."

"நெசமாவா?"

"இருக்கும். நான் சொல்றேன்."

எந்த எழுத்தைப் பற்றியும் அவர் அப்படி அடித்துச் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். சொல்லிவிட்டு அவர் மெஷின் அறைக்குள் போனார். அங்கே வேலை ஒன்றும் இல்லை. சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் காலை பேச்சியம்மாள் போனுக்கு ஒரு அழைப்பு வந்திருக்கிறது. மலைமேல் சின்னதாகச் சாயாக்கடை வைத்திருக்கும் ஒரு மலையாளத்துப் பெண். பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசியிருக்கிறாள். ஒரு வயசான அப்பச்சன் கடை வாசலில் நனைந்துபோய் நின்றார், வீட்டுக்குச் சாயா வேணும் என்று தூக்குவாளியை நீட்டினார், வீடு எவிடே என்று கேட்டால் சிரிக்கிறார். வாளியை வாங்கும்போது கைப்பிடிக்குப் பக்கத்தில் என்னவோ வெள்ளையாகத் தெரிந்ததாம். திருவிழாவுக்கு விளக்கிய சாம்பல் அந்த எண்களுக்குள் போய் இறுகி, வெள்ளை மை பூசினமாதிரி நின்றிருக்கிறது. ஒரு எண்ணும் தப்பாமல் படித்துவிட்டாள். ஜீப் போய்க் கூட்டிவரும்வரை அவரை அடுப்புப் பக்கத்தில் உட்காரவைத்து, தன் வீட்டுக்காரரின் சட்டையைக் கொடுத்து, கப்பைக்கிழங்கும் மீனும் சாப்பிட வைத்திருக்கிறாள்.

அடுத்த வாரம் இரண்டுபேரும் கடைக்கு வந்தார்கள். வயிற்றில் அழிந்த எழுத்தைத் திரும்பப் போட வேண்டும் என்று. மாயாண்டி ஐயாவை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். ஒல்லியான, உயரமான மனிதர், வெள்ளை மீசை. மனைவிக்குப் பக்கத்து நாற்காலியில் வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பளபளவென்றுதான் இருந்தது. அண்ணன் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

எழுதி முடித்து வாளியைக் கையில் கொடுத்தேன். ஐயா காதுப் பக்கம் திருப்பி, கண்ணைச் சுருக்கி, எண் எண்ணாக வாய்விட்டுப் படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இது யாரு நம்பரு, தாயி?"

"உங்க வீட்டு நம்பருங்கய்யா."

"அப்படியா? அப்ப ஒரு போன் போட்டுக் குடேன். வீட்டுல பொம்பள தனியா இருப்பா. காணோமேன்னு தேடுவா."

நான் பேச்சியம்மாளைப் பார்த்தேன். அவர்கள் லேசாகத் தலையசைத்தார்கள். நம்பரை அழுத்தி என் போனை ஐயா காதில் வைத்தேன். பக்கத்து நாற்காலியில், துணிப்பைக்குள் மணி அடித்தது. அந்த அம்மாள் எடுத்து, முகத்தை அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு பேசினார்கள்.

"சொல்லுங்க."

"பேச்சி, நாந்தேன். மழையா இருந்துச்சு, அதான் பொழுதாயிருச்சு. நீ சாப்புட்டியா?"

"நீங்க வாங்க. சேந்து சாப்புடுவோம்."

"கதவ நல்லாச் சாத்திக்க. இந்தா கெளம்பிட்டேன்."

போனை என்னிடம் கொடுத்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போனவர் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா, நீங்களும் கோம்பைப் பக்கந்தானா?"

"ஆமாங்க. அந்தப் பக்கந்தான்."

"அப்ப வாங்க, சேந்தே போயிருவோம்."

பேச்சியம்மாள் எழுந்து அவர் பின்னால் போனார்கள்.